பெண் பார்க்கப் போன கடிகாரம்

பிரான்சில் வீட்டுக்குள்ளேயே சுவரில் ஒரு கணப்பு கட்டி, அதில் விறகை எரித்துக் குளிர் காய்வார்களாம். கணப்புக்கு மேலே ஒரு கல் மேடை இருக்குமாம். அந்த மேடையில் வைப்பதற்கென்றே செய்த கடிகாரம் ஒன்று, தூத்துக்குடியில் எங்கள் வீட்டு பிரிட்ஜின் மேல் உட்கார்ந்திருந்தது. மார்கழியில்கூட நாங்கள் மின்விசிறியை நிறுத்துவதில்லை. குளிருக்கென்று பிறந்த பொருள் எங்கள் வீட்டில் எங்களோடு சேர்ந்து வேர்த்துக்கொண்டிருந்தது.

பார்க்க ஒரு சின்னத் தேர் மாதிரி இருக்கும். ஒன்றரை அடி உயரம், தங்க முலாம் பூசிய உடம்பு, தலையில் ஒரு பீங்கான் ஜாடி. உப்புக் காற்றில் முலாம் பாதி போய் அங்கங்கே பச்சை ஏறியிருந்தது. முகமும் பீங்கான்தான். முகத்துக்கு இரண்டு பக்கமும், அடியிலும் ஆகாய நீலத்தில் பீங்கான் பலகைகள் பதித்திருக்கும். அடிப் பலகையில் ஒரு சீமாட்டி மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். அவள் முன்னால் ஒருவன் முழங்காலிட்டுப் பூ நீட்டுவான். பக்கப் பலகைகளில் இறக்கை முளைத்த குழந்தைகள் பறக்கும். அந்தக் குழந்தைகளைச் சம்மனசுகள், தேவதூதர்கள் என்று அம்மா நம்பினாள். அதனால்தான் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே அதற்கு இடம் கிடைத்தது. அம்மாவுக்கு ஒரே சங்கடம் சீமாட்டியின் கழுத்துப் பக்கம்தான். சட்டை தோளிலிருந்து ரொம்பவே இறங்கியிருக்கும். வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கப் பங்குச் சாமியார் வரும்போதெல்லாம் அந்த இடத்தில் ஒரு சின்ன மாதா படத்தைச் சாய்த்து வைப்பாள். அப்போது முழங்காலிட்டவன் மாதாவுக்குப் பூ கொடுக்கிறவன் ஆகிவிடுவான். ஒரு தடவை சாமியார் அவன் பக்தியை மெச்சிவிட்டே போனார்.

இது எங்கள் வீட்டுக்கு வந்ததற்கு இரண்டு கதைகள் உண்டு. உண்மைக் கதை சின்னது. அப்பாவின் அப்பா தோணியில் கொழும்புக்குப் போய் வந்தவர். அங்கே ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரை ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். கட்டில், மேசை எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது, இதற்கு மட்டும் யாரும் கை தூக்கவில்லை. பாவம் பார்த்து அவர் தூக்கினார். அப்பா சொல்லும் கதை பெரியது. முத்துக்குளிப்புக் காலத்தில் எங்கள் முன்னோர் ஒருவர், பாறையில் தட்டி நின்ற பிரெஞ்சுக் கப்பலைத் தனியாளாகக் காப்பாற்றிக் கரைசேர்த்தார். கண்ணீர் விட்ட கப்பல் தலைவன் தன் அறையிலிருந்த கடிகாரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"கப்பல்ல ஏதுப்பா கணப்பு? ஆடுத கப்பல்ல பெண்டுலம் எப்பிடி ஓடும்?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"ஏளா, நீ கிளியரிங் ஆபீசுல வேல பாக்க. ஒனக்கு எல்லாத்துக்கும் பேப்பர் காட்டணும்" என்பார் அப்பா. கப்பல் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதம் போடுகிற ஆபீஸ் அது.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரிய பெரிய கன்டெய்னர்களை அலுங்காமல் கப்பலில் இறக்கிவைத்த கை அவருடையது. வீட்டில் அந்தக் கடிகாரத்தைத் தொடும் உரிமை அந்தக் கைக்கு மட்டும்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுப்பார். முகத்தில் இரண்டு துளைகள். ஒன்று ஓட்டத்துக்கு, மற்றது மணிக்கு. இரண்டையும் முறுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கடிகாரம் ஒரு இழை சாய்ந்திருந்தாலும் அதன் நடை நொண்டும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நொண்டுகிற சத்தம் கேட்டால் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கிழித்து மடித்து, எந்தக் காலுக்கு வேண்டுமோ அந்தக் காலுக்கு அடியில் சொருகுவார். எனக்குக் காய்ச்சல் என்றால் "மாத்திர போட்டியா?" என்று வாசலிலிருந்து கேட்டுவிட்டுப் போகிற மனுஷர், கடிகாரம் நின்றால் சாப்பிட மாட்டார். "அவியளுக்கு அதுதான் மூத்த பிள்ள. நீ ரெண்டாவதுதான்" என்று அம்மா என்னிடம் சொல்லுவாள். தமாஷுக்குச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

இப்படி ஒரு பொருள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் இருந்தால் அது இரவல் போகத்தான் செய்யும். எங்கள் தெருவில் எல்லாம் கடலோரக் கத்தோலிக்கக் குடும்பங்கள். எல்லார் வீட்டிலும் ஒரு காலத்தில் முத்து இருந்ததாம். இப்போது அந்தப் பேச்சு மட்டும் இருக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் ஹாலைத்தான் சுற்றிப் பார்ப்பார்கள். பழைய குடும்பம் என்று சொல்லிக்கொள்ள ஹாலில் ஏதாவது ஒன்று பழையதாக இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் பழையதாக இருந்தது மின்சார வயர் மட்டும்தான். முதலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "அண்ணாச்சி, ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் அந்தக் கடியாரத்தக் குடுங்களேன்" என்று தலையைச் சொறிந்தார். அந்தச் சம்பந்தம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் பெண் பார்க்கும் நாள் குறிக்கிறவர்கள், கடிகாரம் அன்றைக்குச் சும்மா இருக்கிறதா என்று எங்கள் வீட்டில் கேட்டுவிட்டுத்தான் பேக்கரியில் மக்ரூன் பலகாரத்துக்கே சொல்லுவார்கள்.

கடிகாரம் தனியாகப் போகாது. அப்பா பெண்டுலத்தைக் கழற்றித் துண்டில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்வார். கடிகாரத்தைப் போர்வையில் சுற்றிப் பிள்ளையைத் தூக்குகிறது போலத் தூக்கிப்போவார். அந்த வீட்டு பிரிட்ஜ் மேலோ அலமாரி மேலோ வைத்து, பெண்டுலத்தை மாட்டி, நடை சரியாகும்வரை கண்ணை மூடி நின்று, விருந்தாளிகள் வருவதற்குள் குசினி வாசல் வழியாக வெளியே போய்விடுவார். எதிரே டீக்கடையில் உட்கார்ந்து காத்திருப்பார். மணி அடித்தால், "கேட்டீரா? நம்மது" என்று டீக்கடைக்காரரிடம் சொல்லுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீடுகளில் பெண் பார்த்தார்கள். நாலு மணிக்கு ஒரு வீட்டில் பெருமை பேசிய கடிகாரம் ஆறு மணிக்கு இன்னொரு வீட்டில் பெருமை பேசியது. நடுவில் அப்பா ஓடிய ஓட்டத்தைத் தெருவே வேடிக்கை பார்த்தது.

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்கு ஆட்டோவில் போனபோது, வேகத்தடையில் வண்டி குதித்து அடிப் பலகையின் ஓரம் துளி உடைந்தது. அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் என் நகப்பூச்சை எடுத்து உடைந்த இடத்தை அடைத்தார். அது பளீரென்ற நீலம். சீமாட்டியின் செருப்புக்குப் பக்கத்தில் புல்தரையில் திடீரென்று ஒரு குட்டை உண்டாகிவிட்டது.

கல்யாணம் முடிந்தால் தொல்லை தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது. சம்பந்தி வீட்டார் ஞானஸ்நானத்துக்கு வருவார்கள், கிறிஸ்துமஸுக்கு வருவார்கள். வந்ததும், "எங்க அந்தக் கடியாரம்?" என்று கேட்பார்கள். முன்கூட்டித் தெரிந்தால் அப்பாவும் கடிகாரமும் போய் நிற்பார்கள். தெரியாமல் வந்துவிட்டால், "ரிப்பேருக்கு மதுரைக்குப் போயிருக்கு" என்பது தெரு முழுக்க ஒப்புக்கொண்ட பதில். எங்கள் தெருவை விட்டு அதிக தூரம் போகாத அந்தக் கடிகாரம் இப்படிப் பலமுறை மதுரைக்குப் போய் வந்தது.

தெருக்கோடி வீட்டுக்காரர் உப்பளம் வைத்திருந்து நொடித்தவர். அவர் மகள் சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டில் வளைய வந்தவள். என் நகப்பூச்சைக் கேட்காமல் எடுத்துப் பூசிக்கொள்ளும் அளவுக்கு உரிமை எடுத்தவள். என் அப்பாவை மாமா என்பாள். அவளைக் கப்பலில் இன்ஜினியராக இருந்த ஒருவருக்குப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கறாரான பேர்வழி. அங்கே போய் நின்ற எங்கள் கடிகாரத்தை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்து, எப்படி வந்தது என்று விசாரித்திருக்கிறாள். தெருக்கோடி வீட்டுக்காரர், முன்னோர், பாறை, கப்பல், கண்ணீர் என்று அப்பாவின் கதையை அப்படியே தன் குடும்பத்துக்கு மாற்றிச் சொல்லிவிட்டார். கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. "நம்ம கடியாரம் கப்பல்காரன் சம்பந்தத்தயே முடிச்சிட்டு" என்று அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். தன் கதையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை.

பிறகு என் முறை வந்தது. எங்கள் ஆபீஸ் சரக்கு ஒன்று கன்டெய்னர் யார்டில் சிக்கிக்கொண்டது. தினமும் யார்டுக்கு போன் போட்டுச் சண்டை போட்டேன். எதிர்முனையில் இருந்தவர் திருப்பிச் சண்டை போடாமல் சிரித்தார். கன்டெய்னர் போன பிறகும் போன் நிற்கவில்லை. அவர் தெருக்கோடிப் பெண்ணின் கொழுந்தன், அந்தக் கறார் அம்மாவின் இளைய மகன் என்பது பேச ஆரம்பித்துப் பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. எனக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. என்னால் ஒருவரைக் காதலிக்க முடியும் என்று வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அது வசதியாகப் போயிற்று. தெருக்கோடிப் பெண்ணே தன் மாமியாரிடம், "எங்க தெருவுல ஒரு பிள்ள இருக்கு" என்று பேச்சை எடுத்தாள். பெண் பார்க்க நாள் குறித்தார்கள். இது முடியாமல் போனால் வேறு எவரும் எனக்கு வேண்டாம் என்ற அளவுக்கு அவரைப் பிடித்திருந்தது.

அன்று காலையிலேயே வீட்டில் சண்டை.

"அந்தக் கடியாரத்த எடுத்து உள்ள வைங்க. மூத்த மருமவ வீட்டுல இதத்தான காட்டியிருக்காவ? இங்கன பாத்தா என்ன நெனைப்பாவ?" என்றாள் அம்மா.

"தெருவுல உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் போயி நின்னுச்சி. எம் பிள்ளைக்கி மட்டும் ஒளிஞ்சி இருக்கணுமாக்கும்?" அப்பாவின் குரல் உயர்ந்தது.

"அப்பா, எனக்காக" என்றேன்.

 அப்பா பெண்டுலத்தைக் கழற்றி, கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். அம்மாவின் பட்டுச் சேலைகள் இருக்கிற அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார். வெளியே வர வழக்கத்தைவிட அதிக நேரம் ஆயிற்று. அது ஏன் என்று மாலையில்தான் தெரிந்தது.

அவர்கள் நாலரைக்கு மேல் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, அதிகம் பேசாத அவர் அப்பா, இடுப்பில் கைக்குழந்தையோடு தெருக்கோடிப் பெண், எல்லாருக்கும் பின்னால் என்னை முன்பின் தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு அவர். தட்டில் ஆத்தூர் வெற்றிலையும் பழமும் மக்ரூனும் இருந்தன. மாப்பிள்ளையின் அம்மா ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். பிரிட்ஜின் மேல் தூசியில்லாமல் ஒரு நீளச் சதுரம் தெரிந்தது. அதை அவள் பார்த்தாளா என்று நான் பார்த்தேன். நான் காபித் தட்டோடு நடு ஹாலுக்கு வந்தேன். யாரும் பேசாத ஒரு நிமிடம் வருமே, அது வந்தது.

உள்ளறையில் மணி அடித்தது. சேலைகளுக்கு நடுவிலிருந்து அடித்தாலும் சத்தம் கணீரென்று வந்தது. ஐந்தும் அடித்து முடிகிறவரை ஒருவரும் அசையவில்லை. 

"இந்த மணி எனக்குத் தெரியுமே" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்தாள்.

பெண் பார்க்க வருகிற பெண்கள் வீட்டுக்குள் எந்த அறைக்கும் போகலாம். குசினிப் பாத்திரத்தைக்கூடத் திறந்து பார்க்கலாம். எங்கள் பக்கத்தில் அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. அவள் நேராக உள்ளறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். பட்டுச் சேலைகளுக்கு நடுவில், திருடி ஒளித்துவைத்த பொருள் எப்படி இருக்குமோ அப்படியே கடிகாரம் இருந்தது. பெண்டுலம் நிம்மதியாக ஆடிக்கொண்டிருந்தது. அப்பா அதை மறுபடி மாட்டிவிட்டு, கால்களுக்கு அட்டையும் கொடுத்து, நடை சரிபார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தியிருக்கிறார்.

மாப்பிள்ளையின் அம்மா மூத்த மருமகள் பக்கம் திரும்பினாள். "ஏளா, இது ஒங்க வீட்டுக் கடியாரம்லா? இந்தா, அதே நீலப் புள்ளி."

 தெருக்கோடிப் பெண் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவள் கண் என் அப்பாவைத் தேடியது.

அப்பா அறை வாசலில் நின்றார். "இது என்னுது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த வார்த்தையோடு, அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் பொய் சொல்லிச் சம்பந்தம் முடித்தார்கள் என்றாகிவிடும். அவள் அந்த மாமியாரோடு காலம் தள்ள வேண்டியவள். "அவிய வீட்டுது" என்று சொன்னால், இரவல் பொருளைப் பதுக்கி வைத்த வீடு என்று எங்கள் பேர் கெடும். நான் அந்த வீட்டுக்குப் போவது அதோடு சரி. உள்ளதைச் சொல்லுங்கள் அப்பா என்று என் மனசு கத்தியது. அப்பா என்னைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், கடைசியாகக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆமா. அவிய வீட்டுதுதான்" என்றார். "நீங்க வாறீயன்னு ஒரு சாயங்காலத்துக்கு இரவல் வாங்குனேன். பெறகு வெளிய வைக்க மனசு வரல. அதான் உள்ள கெடக்கு."

 எனக்கு அப்பாவின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஒரு நாளும் விட்டுக்கொடுக்காத கடிகாரத்தை விட்டுக்கொடுத்தார். அதுவும் எனக்காக இல்லை, அடுத்த வீட்டுப் பெண்ணுக்காக, என் கல்யாணத்தையும் சேர்த்து.

மாப்பிள்ளையின் அம்மா அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "எத்தன வீடு ஏறி எறங்கியிருக்கேன். எல்லாரும் முத்து, பவளம், கப்பல்னு பெருமதான் பேசுவாவ. இரவலுன்னு வாயத் தொறந்து சொன்ன ஆம்பளைய இன்னைக்கித்தான் பாக்கேன். உள்ளதச் சொல்லுத குடும்பம் இது. எனக்கு இது போதும்."

அப்பா அந்தக் கடிகாரத்தைப் பற்றி வாழ்நாளெல்லாம் சொன்ன பெருமையை யாரும் முழுதாக நம்பியதில்லை. ஒரே ஒரு தடவை சொன்ன பொய் உடனே விலைபோனது, உண்மை என்ற பேரில். அங்கேயே வெற்றிலை மாற்றினார்கள். மாப்பிள்ளை மக்ரூனைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்துச் சிரித்தார்.

கிளம்பும்போது என் வருங்கால மாமியார், "இரவல் சாமான எதுக்கு ராத்திரி வச்சிருக்கணும்? போற வழிதான, நாங்களே சம்பந்தி வீட்டுல குடுத்துட்டுப் போறோம்" என்றாள். அப்பா பெண்டுலத்தைக் கழற்றித் துண்டில் சுற்றினார். கடிகாரத்தைப் போர்வையில் சுற்றிக் காருக்குள் தெருக்கோடிப் பெண்ணின் மடியில் வைத்தார். "பைய" என்று மட்டும் சொன்னார். சாவி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் தெருக்கோடி வீட்டுக்காரர் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"அண்ணாச்சி, இத வாங்கிக்கோங்க. ராத்திரி ஒறக்கமில்ல."

"கொண்டு போங்க" என்றார் அப்பா. "எம் பிள்ளையும் அந்த வீட்டுக்குத்தான் போறா. இனி இது இங்கன இருந்துன்னா ரெண்டு பிள்ளைகளுக்கும் கஷ்டம்."

கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அப்பா ஞாயிறுதோறும் பூசை முடிந்து நேரே தெருக்கோடி வீட்டுக்குப் போய், தன் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, கண்ணை மூடி நின்று கேட்டுவிட்டு, ஒரு காபியைக் குடித்துவிட்டு வந்தார். எங்கள் வீட்டு பிரிட்ஜ் மேல் அம்மா ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி வைத்தாள். அப்பா மணி பார்க்க மொபைலை எடுப்பார். எடுத்துவிட்டு அதையும் முறைப்பார்.

நான் முதல் வாரத்திலேயே என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "அம்மாட்ட மட்டும் சொல்லிராத. அவங்களுக்கு ஒங்க அப்பா மேல அம்புட்டு மரியாத இருக்கதே அந்தப் பொய்யாலதான்" என்றார். அது உண்மைதான். குடும்பத்தில் யாராவது எதையாவது மறைத்தால் மாமியார் என் அப்பாவைத்தான் உதாரணம் காட்டுவாள்.

நானும் தெருக்கோடிப் பெண்ணும் வாழப்போன வீடு திருச்செந்தூர் ரோட்டுப் பக்கம். அங்கே மாடி கட்டி மந்திரித்தபோது, தெருக்கோடி வீட்டுக்காரர் மகளுக்குச் சீராகக் கடிகாரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். "இது எங்க மாடியில இருந்தா எப்பிடி இருக்கும்" என்று மாமியார் பலமுறை காதில் போட்டிருந்தாள். தெருக்கோடி வீட்டுக்காரரும் இந்தப் பாரம் எப்போது தலையை விட்டு இறங்கும் என்று காத்திருந்தார். அப்படித்தான் அப்பாவின் மூத்த பிள்ளை எனக்குப் பின்னாலேயே என் புகுந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது, என் ஓரகத்தியாகிவிட்ட தெருக்கோடிப் பெண்ணின் சீதனமாக. நான் தூசி தட்டப் போனால் மாமியார், "ஏளா, பாத்து. அது மூத்தவ வீட்டுப் பொருளு. ஒடஞ்சா நமக்குத்தான் அவமானம்" என்பாள். ஓரகத்தி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒருநாள் நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருக்கும்போது அந்த நீலப் புள்ளியைத் தொட்டு, "எக்கா, இது ஒங்க நெயில் பாலிஷ்தான?" என்றாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். அது அழுகையில் போய் முடிந்தது. நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

வந்த வாரமே கடிகாரம் நின்றுவிட்டது. சாவி இல்லை. தெருக்கோடி வீட்டில் கேட்டதற்கு, தொலைந்துபோயிற்று என்றார்கள். தொலைந்ததைக் கண்டெடுத்துக் கொடுப்பதில் எங்கள் பக்கத்தில் கோடி அற்புதர் என்கிற புனிதரை மிஞ்ச ஆள் கிடையாது. மாமியார் அவருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டு செவ்வாய்க்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போனாள். கோடி அற்புதர் என்ன செய்வார்? சாவி அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது.

அப்பாவும் அம்மாவும் எங்கள் மாடியைப் பார்க்க வந்தார்கள். மாமியார் அப்பாவைக் கடிகாரத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். "ஒங்களுக்குத் தெரியாததா, ஒருநா இரவல் வாங்குனவங்கதான? இது வந்த கதய மூத்தவளோட அப்பா சொல்லியிருக்காவளா?" என்று ஆரம்பித்தாள். முன்னோர், பாறை, கப்பல் எல்லாம் வந்தது. கப்பல் இப்போது இரண்டாகியிருந்தது. கப்பல் தலைவனுக்குப் பதில் பிரெஞ்சு ராணியே அழுதாள். அப்பா முழுக் கதையையும் நின்று கேட்டார். "அப்பிடியா?" என்றார். "ராணியா?" என்றார். அவர் கை தானாக நீண்டு கடிகாரத்தின் ஒரு காலைத் தொட்டது.

"தொடாதீய சம்பந்தி, பழைய சாமான்" என்றாள் மாமியார். அப்பா கையை எடுத்துக்கொண்டார்.  அவர் மேல் நான் வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

கிளம்பும்போது கேட் பக்கத்தில் என் கையில் எதையோ திணித்தார். சட்டைப்பையின் சூடு இன்னும் அதில் இருந்தது. "ஞாயித்துக்கிழம. ரெண்டு ஓட்டையிலயும். இறுக்காத" என்றார். அம்மா எதையும் பார்க்காதவள் போல ஆட்டோவில் ஏறினாள்.

சாவி கடிகாரத்தின் பின்பக்க மூடிக்குள் கிடந்தது என்று மாமியாரிடம் சொன்னேன். கோடி அற்புதருக்கு என் உயரத்துக்கு மெழுகுவர்த்தி போனது. சாவி கொடுக்கும் வேலை, கண்டெடுத்தவள் என்பதால் என் தலையில் விழுந்தது.

அதற்குப் பிறகு அப்பா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு அடிக்கக் கொஞ்சம் முன்னால் எனக்கு போன் போடுவார். அம்மாவின் கால் வலி, துறைமுகத்துக் கரித்தூசி என்று எதையாவது பேசி நேரத்தைக் கடத்துவார். நான் மொபைலோடு மாடிக்குப் போய்க் கடிகாரத்தின் பக்கத்தில் நிற்பேன். அடிக்க ஆரம்பித்ததும் அவர் பேச்சு நின்றுவிடும். ஆறும் அடித்து முடிந்த பிறகு, "லேசா நொண்டுது. வலது காலுக்கு ஒரு அட்ட மடிச்சி வையி" என்பார். உடனே போனை வைத்துவிடுவார். "சம்பந்திக்கு மக மேல உசுரு. ஒரு வாரம் தவறுதாவளா பாரு" என்று மாமியார் பெருமைப்படுவாள். அவர் ஒரு தடவைகூட என்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்டதில்லை என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. மூத்த பிள்ளையைக் கேட்டாயிற்று, அதோடு போன் வேலை முடிந்தது என்று எனக்குள்ளேயே எரிச்சல்பட்டுக்கொள்வேன்.

போன வாரம் ஒரு புதன்கிழமை, நான் ஆபீசிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது அப்பாவின் போன் வந்தது.  ஈரக் கையோடு எடுத்துப் பழக்கத்தில் மாடிக்கு ஏறிவிட்டேன். அம்மாவுக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டேன். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள் என்றார். கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அப்பா, இப்ப ஏழே கால்தான் ஆவுது. அடிக்காது. ஏழரைக்குத்தான் ஒரு மணி அடிக்கும்" என்றேன்.

"தெரியும்ளா" என்றார் அப்பா. "நீ எப்பிடி இருக்க?"